கிணற்றடியில் கரைந்த பவுடர்

என் மகள் கைபேசியின் முன்னால் உட்கார்ந்து, கன்னத்துப் பருத்தழும்பை எப்படி மறைப்பது என்று முகம் தெரியாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். சத்தம் போடக் கூடாது என்பதால் அக்காவும் நானும் கதவோரம் பேசாமல் இருக்கிறோம். பவுடர் வாசம் எங்கள் வரைக்கும் வருகிறது.

பல வருடங்களுக்கு முன், ஊரில் எங்கள் சண்டிலிப்பாய் வீட்டிலும் ஒரு பின்னேரம் இதே வாசம் இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவள் கன்னத்து அம்மைத் தழும்புகளை அம்மா பவுடரால் ஒற்றி ஒற்றி நிரப்பியிருந்தார்.

"சிரிக்காதை. சிரிச்சால் பவுடர் வெடிக்கும்."

அக்கா சிரிக்காமல்தான் தேநீர்த் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரியான வெக்கை, பிள்ளை. ஒருக்கா முகம் கழுவிப்போட்டு வாருமன்."

யாரும் மறுக்கவில்லை. அவர் கிணற்றடிக்குக் கூடவே போய், தானே வாளியால் அள்ளி ஊற்றினார். வாழைகளுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் வெள்ளையாக ஓடியது. திரும்பி வந்து நின்ற அக்காவை எல்லோரும் பார்த்தார்கள். தேநீரை அவர்கள் தொடவில்லை. பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

மகள் இப்போது ஈரப் பஞ்சால் பூசியதையெல்லாம் துடைக்கிறாள். "இதுதான் என்ரை முகம்," என்று தழும்பைக் கைபேசிக்குக் கிட்டக் காட்டிச் சிரிக்கிறாள்.

அக்கா என் காதுக்குள் கேட்கிறாள். "உவளை ஆர் முகம் கழுவச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா. தானாத்தான்."

அக்கா நம்பவில்லை. அறைக்குள் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறாள்.