கெல்வின் ட்ரென்வித்தும் தொண்ணூறாயிரம் பாயிண்டும்

அடிலெய்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் மெய்ட்லாண்ட் ஊரில் கெல்வின் ட்ரென்வித்தைப் பற்றித் தப்பாகப் பேச ஆள் கிடையாது. கேலி பேச மட்டும் ஊரே உண்டு. ஐம்பத்தாறு வயது. தானியக் கிடங்குகளில் லாரியோடு சேர்த்து எடை போடுகிற மேடைகள் இருக்கின்றனவே, அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது அவன் தொழில். அறுவடைக்கு முந்தைய இரண்டு மாதமும் வீட்டில் தங்க மாட்டான். கிம்பா, செடூனா, போர்ட் லிங்கன் என்று சுற்றிக்கொண்டே இருப்பான். பெட்ரோல், மோட்டல், சாப்பாடு எல்லாம் முதலில் தன் கைக்காசு. மாதக் கடைசியில் கம்பெனி திருப்பித் தரும்.

எப்படியும் செலவழிக்கிற பணம், அதைக் கிரெடிட் கார்டில் செலவழித்து, விமான டிக்கெட்டாக மாற்றிக்கொள்கிற பாயிண்ட் வாங்கினால் என்ன என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றியது. வந்தது வினை.

மூன்று சனிக்கிழமைகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பதினோரு கிரெடிட் கார்டுகளை ஆராய்ந்தான். எதற்கு வருடக் கட்டணம் எவ்வளவு, மளிகைக்கு எத்தனை பாயிண்ட், பெட்ரோலுக்கு எத்தனை, விமான நிலையத்தில் உட்கார இடம் உண்டா என்று ஒன்று விடாமல் பார்த்தான். மனைவி ஜெனட் ஆட்டுக்கறி வறுவலைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மேஜைய காலி பண்றியா, இல்ல உன் கார்டு மேலயே குழம்ப ஊத்தட்டுமா?"

"இரு ஜெனட். இது ஒண்ணு இருக்கு பாரு. தொண்ணூறு நாள்ல ஐயாயிரம் டாலர் செலவு பண்ணா, தொண்ணூறாயிரம் பாயிண்ட் சும்மா தர்றான். டாம்சினப் பாக்க நீ டப்ளின் போயிட்டு வந்துடலாம்."

டாம்சின் அவர்களுடைய ஒரே மகள். கைக்குழந்தையோடு டப்ளினில் இருந்தாள். பேத்தியை ஜெனட் இன்னும் போனில்தான் பார்த்திருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி, அதையே வாங்கு" என்றாள்.

கார்டு ஆகஸ்ட் முதல் வாரம் வந்தது. அன்றிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை. மதுக்கடையில் நண்பர்கள் ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் பியர் வாங்குவது இந்த நாட்டில் எழுதாத சட்டம். கெல்வின் என்ன செய்தான்? யார் முறை வந்தாலும் அவரிடம் நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தன் கார்டைக் கடை மெஷினில் தட்டினான்.

"டேய், எங்க தாகத்துலயும் உனக்கு வருமானமாடா?" என்று பேரி கேட்டான். பேரி ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன், கெல்வினுக்கு முப்பது வருடத் தோழன். "இனிமே இவன் பேரு பாயிண்ட்ஸ்!"

பெயர் ஒட்டிக்கொண்டது. கெல்வின் சிரித்தபடியே இன்னொரு முறை கார்டைத் தட்டினான்.

அதே படையில் லோயிஸ் ஹார்ட்விக் இருந்தாள். வயது அறுபத்தெட்டு, தனிக்கட்டை. தீ எரிகிற இடத்தில் இருப்பவர்களுக்கு ரேடியோவில் வழி சொல்கிறவள் அவள்தான். புகைக்குள் கண் தெரியாமல் நின்ற கெல்வினை ஒருமுறை அந்தக் குரல்தான் வெளியே கொண்டுவந்தது. அந்தத் தொண்டையிலேயே புற்றுநோய் வந்தது, என்ன கொடுமை. அடிலெய்டில் தங்கி நான்கு வாரம் கதிர்வீச்சு எடுக்க வேண்டும் என்றார்கள். படைக்காரர்கள் ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றார்கள், இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டுப் போட்டார்கள். இரண்டாயிரத்து எண்ணூறு டாலர் ரொக்கம் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மோட்டலில் நான்கு வார வாடகைக்குச் சரியாக இருந்தது.

"நீதான் செவ்வாய்க்கிழம அடிலெய்டு போறியே, கட்டிட்டு வந்துடு" என்று பேரி கவரைக் கெல்வின் கையில் கொடுத்தான்.

கெல்வினுக்கு ஐயாயிரம் டாலர் இலக்கை எட்ட இன்னும் ஆயிரத்து முந்நூறு டாலர் பாக்கி இருந்தது. கார்டு பில் வரும்வரை வட்டியாவது குறையட்டும் என்று, கவரில் இருந்த ரொக்கத்தைத் தன் வீட்டுக்கடன் கணக்கில் போட்டான். மோட்டலில் கார்டைக் கொடுத்து, "வாரா வாரம் திங்கட்கிழம இதுலேர்ந்து எழுநூறு எடுத்துக்கோங்க" என்றான். எல்லாம் ஒரே பணம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். திருடவேண்டும் என்ற எண்ணம் அவனுக்குக் கனவில்கூட இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டு திங்கட்கிழமைகள் கடந்தன. தொண்ணூறாயிரம் பாயிண்ட் கணக்கில் விழுந்தது. செடூனாவில் எடைமேடை மேல் நின்றபடியே ஜெனட்டுக்குப் போன் போட்டுக் கத்தினான். அவள் அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் அறியாத எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள் வந்தன. யாரோ எதையோ விற்கிறான் என்று கெல்வின் எடுக்கவில்லை.

நவம்பரில் லோயிஸ் ஊர் திரும்பினாள். படைக்கு ஒரு நன்றி அட்டை அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை படைக் கூட்டத்தில் பேரி அதைச் சத்தமாகப் படித்தான்: "நீங்கள் கொடுத்த இரண்டு வாரமும் கவலையில்லாமல் தூங்கினேன். உங்கள் எல்லோருக்கும் என் அன்பு."

"நாலு வாரத்த ரெண்டுன்னு எழுதியிருக்கா பாரு. மருந்து மயக்கம், பாவம்" என்றான் பேரி. எல்லாரும் பிரியமாகச் சிரித்தார்கள், கைதட்டினார்கள். கெல்வினும் தட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பாயிண்ட் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தான். டாலருக்கு ஒரு பாயிண்ட் என்ற கணக்கில் ஆயிரத்து நானூறு குறைந்தது. மோட்டல் வாடகைக்கு வந்திருக்க வேண்டிய பாயிண்டில் பாதியைக் காணோம். வந்தது பார் கோபம்! மோட்டலுக்குப் போன் போட்டான்.

"என்னம்மா நடத்துறீங்க? நாலு வாரம் தங்கியிருக்காங்க, ரெண்டு வாரத்துக்குத்தான் எடுத்திருக்கீங்க. மீதிப் பாயிண்டுக்கு நான் யாரக் கேக்கிறது?"

அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். "சார், மூணாவது வாரம் உங்க கார்டுல எடுக்க முடியல. வரம்பு தாண்டிடுச்சுன்னு வந்துச்சு. உங்களுக்கு நாலு தடவ கூப்பிட்டோம், நீங்க எடுக்கல. அப்புறம் அந்த அம்மாகிட்டயே சொல்லிட்டோம். அவங்கதான் கட்டினாங்க. ரெண்டு வாரமும்."

"எப்படிச் சொன்னீங்க?"

"கவுண்டர்லதான் சார். அன்னிக்குச் சிகிச்ச முடிஞ்சு வந்தாங்க. அவங்களால பேச முடியல. பர்ஸ எடுத்து வச்சாங்க."

கெல்வின் போனை வைத்தான். செடூனாப் பயணத்து மோட்டல், பெட்ரோல், எடைக்கல் ஏற்றிய லாரியின் வாடகை எல்லாம் அதே கார்டில் ஏறி, ஆறாயிரம் வரம்பை நிரப்பியிருந்தன. அந்த நன்றி அட்டையில் இரண்டு வாரம் என்று எழுதியிருந்தது மருந்து மயக்கத்தில் இல்லை. படையின் பணம் இரண்டு வாரத்தோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அதற்கே நன்றி சொல்லியிருக்கிறாள் லோயிஸ். அதைக் கேட்டுக் கைதட்டிய கையைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஜெனட்டிடம் சொன்னான். அவள், "அவங்க பணத்த நம்ம வீட்டுக்கடன்லயா போட்ட?" என்றாள்.

"எல்லாம் ஒரே பணம்னு…"

"வாய மூடு. முதல்ல போய் அந்த அம்மாகிட்ட சொல்லு. பேரிகிட்டயும் சொல்லு. அதுவரைக்கும் டிக்கெட்டப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசாத. அந்தக் கொழந்தைய நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தூக்குவேன்?"

திங்கட்கிழமை காலை ஆயிரத்து நானூறு டாலரைக் கவரில் போட்டுக்கொண்டு லோயிஸ் வீட்டுக்குப் போனான். தெருவை இரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் வண்டியை நிறுத்தினான். அவள் சமையலறையில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து முழுக்கச் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள்.

கெல்வின் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். கார்டு, வரம்பு, கம்பெனி பணம் தர எடுக்கிற நாட்கள், எடுக்காத போன் என்று ஒன்றையும் விடவில்லை. கவரை மேஜையில் வைத்தான். அவள் கத்தினால் தேவலை என்று இருந்தது.

லோயிஸ் கத்தவில்லை, கத்தவும் முடியாது. கரகரவென்று காற்றுக் குரலில், "உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான்.

"என் வாடகையில உனக்கு எத்தன பாயிண்ட் வந்துச்சு?"

"ஆயிரத்து நானூறு" என்றான் உடனே. சொன்ன பிறகுதான் அதிலும் பாதிப் பொய் இருப்பது உறைத்தது. "இல்ல லோயிஸ். உங்க வாடக இல்லன்னா அந்த இலக்கையே எட்டியிருக்க மாட்டேன். மொத்தம் தொண்ணூத்தோராயிரத்து நானூறு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, கவரை எடுத்து மேஜை டிராயரில் போட்டாள்.

"நல்லா ஞாபகம் வச்சிருக்க" என்றாள். "வந்து அரமணி நேரம் ஆச்சு. கார்டு எப்படி இருந்துச்சுன்னு முழுசா சொல்லிட்ட. நான் எப்படி இருக்கேன்னு இன்னும் கேக்கலையேடா, கெல்வின்."

கெல்வின் வாயைத் திறந்தான். இப்போது கேட்டால் அவள் சொல்லிக் கேட்டதாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டான்.