இரண்டு கையாலும் வாங்கிய ட்ரிப் ஷீட்

திட்டுகிறவனோடு சண்டை போடலாம். 'கண்ணு' என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தறுக்கிறவனை என்ன செய்வது? திருப்பூரில் நான் டிரைவராகச் சேர்ந்த பெரிய லாரி கம்பெனியில் லோடு பிரித்துக் கொடுக்கும் சூப்பர்வைசர் அப்படிப்பட்ட ஆள். அவர் குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அங்கே இரண்டு வகை லோடு. ஒன்று, எக்ஸ்போர்ட் பனியன் பெட்டிகள். வண்டி சுத்தமாக இருக்கும், தூத்துக்குடியில் இறக்கிவிட்டு ஊர் வந்து சேரலாம். இன்னொன்று, சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு மிஞ்சுகிற சேறு. அதை மூட்டை மூட்டையாக ஏற்றி, அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஆலை வாசலில் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. சேறு ஏற்றிய வண்டியை நன்றாகக் கழுவி நாற்றம் போகக் காயவைக்கும்வரை அதில் பனியன் பெட்டி ஏற்ற விடமாட்டார்கள். அதனால் ஒரு தடவை மாட்டினால் ஒரு வாரம் போச்சு.

யாருக்கு எந்த லோடு என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. சூப்பர்வைசர் ட்ரிப் ஷீட்டை நீட்டுவார். கையில் வாங்கியவனுக்கு அந்த லோடு. காலையில் அவர் காகிதத்தோடு படியிறங்கி வரும்போது பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் திடீரென்று கை வேலை வந்துவிடும். ஒருவர் பல் விளக்குவார். ஒருவர் முழங்கைவரை கிரீஸ் பூசிக்கொண்டு சக்கரத்தடியில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நேராக என்னிடம் வந்து காகிதத்தை நீட்டினார். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று குண்டடத்தில் எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். வாங்கினேன். லேசாகக் குனிந்து வேறு வாங்கினேன், மடையன்.

படித்துப் பார்த்தால் சேறு. காலையில் முதலில் வருகிற காகிதம் எப்போதும் சேறுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"ஏனுங்க, வெள்ளிக்கெழம காலைல எங்கக்கா புள்ளைக்குக் காதுகுத்துங்க. சேரும்போதே லீவு சொன்னனுங்களே?"

"அதெல்லாம் மறப்பனுங்களா கண்ணு? வியாழக்கெழம பொழுதோட வந்துரலாமுங்க. மாமன் மடியில்லாம காதுகுத்து நடக்குமுங்களா?"

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். கொமரலிங்கத்தில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு நான் ஒரே தம்பி. எட்டு வருஷம் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பிள்ளை அது. இதெல்லாம் அந்த ஆளுக்கு நானே சொல்லியிருந்தேன். தெரிந்துகொண்டேதான் நீட்டினார்.

அவர் போனதும் நாசரேத் பக்கத்து டிரைவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கைய எதுக்குல நீட்டுன? நீட்டுனவன் தலையிலதாம்ல கட்டுவானுவ" என்று சிரித்தார். முந்தின நாள் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

புதன்கிழமை ஆலை வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் முப்பது வண்டிக்கு மேல் நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் வந்து மூட்டையைக் குத்திப் பார்த்து, "ஈரம் அதிகம், தார்ப்பாயை எடுத்துவிட்டுக் காயப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் அந்தச் சேறு காய்கிறவரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அக்காதான் எனக்குப் போட்டாள். "எங்க சாமி வந்துட்டிருக்கற?" என்றாள். பக்கத்தில் வந்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் இறக்கினார்கள். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். கம்பெனிக்குத் திரும்பாமல் காலி லாரியை நேராகக் கொமரலிங்கத்துக்கு விட்டேன். தாராபுரம் தாண்டியதும் போன் அடித்தது. அத்தனை தடவை போட்டும் எடுக்காத அதே ஆள்.

"ஏனுங்க கண்ணு, வண்டி ரூட் மாறிப் போகுதுங்களே? ஜிபிஎஸ்ல காட்டுதுங்க."

அட, உன் வாயில் மண் விழ! நான் வெயிலில் கிடந்தது எந்த ஜிபிஎஸ்ஸிலும் காட்டவில்லையா? போனை அணைத்துப் போட்டேன்.

கோயிலுக்குப் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் தப்பப்போகிற நேரம்வரை எனக்காகப் பார்த்துவிட்டு, பெரியப்பா மகன் ஒருவன் மடியில் வைத்துக் குத்தியிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் எனக்கு ஒரு இலை போடச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, சிவந்து வீங்கிய காதோடு பிள்ளை அவள் தோளில் கிடந்தது. கையை நீட்டினேன். வழக்கமாகத் தாவி வருகிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மாமா வேண்டாம். நாத்தம்."

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் கையில் காகிதத்தோடு படியிறங்கி வந்தார். முகத்தில் அதே சிரிப்பு. "காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுதுங்களா கண்ணு?"

"முடிஞ்சுதுங்க" என்றேன். என் இரண்டு கையும் டீ கிளாஸைப் பிடித்திருந்தன. கிளாஸில் டீ இல்லை. குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்றவனிடம் காகிதத்தை நீட்டினார். சனிக்கிழமை சேர்ந்தவன் அவன். இரண்டு கையையும் நீட்டி, லேசாகக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"ஏனுங்க, வியாழக்கெழம எங்கூட்ல ஒரு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் மறப்பனுங்களா கண்ணு?"

வாங்காதே என்று நான் முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கம்பெனி ஷெட்டில் என் பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தான். அந்த ஆள் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதோ தெரியவில்லை. காலி கிளாஸை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் நின்றேன். வியாழக்கிழமை வீட்டில் என்ன விசேஷம் என்று அவனை நான் கேட்கவே இல்லை.