கர்நாடக எண்ணிலிருந்து வந்த செய்தி

காலையில் தெரியாத கர்நாடக எண்ணிலிருந்து குறுஞ்செய்தி: “அக்கா, நான் செல்வி. அவசரம். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க.”

என் அறைத்தோழி செல்வியிடம் இருப்பது ஓசூர் சிம். இது ஏமாற்று வேலை, கூப்பிட்டால் பேலன்ஸ் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அவள் எண்ணுக்கு அடித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மாலையில் செல்வி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் நடந்த இன்டர்வியூவிலிருந்து வேலை கிடைக்காமல் திரும்பினாள்.

“மார்க் ஷீட்ட ரூம்லயே மறந்துட்டேங்க்கா. ரோமிங்ல பேலன்ஸும் தீந்துபோச்சு. கம்பெனி கேட்டாண்ட பூ விக்கிற அம்மாதான் போன் குடுத்தாங்க. அதுலயும் பேசுற அளவுக்குக் காசில்ல, மெசேஜ் மட்டுந்தான் போச்சு. ‘உங்க அக்கா கூப்பிடுவாங்க’ன்னு எங்கிட்ட கன்னடத்துல சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

திட்டவில்லை. எனக்கும் சேர்த்து டீ போட்டாள்.

அந்த அம்மாவுக்கு ஒரு மன்னிப்புச் செய்தி எழுதி வைத்திருக்கிறேன். தெரியாத தமிழ்நாட்டு எண்ணிலிருந்து வந்தால் நம்புவாரா? நீங்களே சொல்லுங்கள், அனுப்பட்டுமா?