பருப்பு வேகாத தண்ணீர்

தண்ணீரை நாக்கில் வைத்தால் அது ஆற்றுத் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். கல்யாணமாகிக் கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்துக்கு வந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ, வருசம் சரியாக நினைவில்லை. வந்த வாரமே அங்குள்ள தண்ணீரோடு எனக்குச் சண்டை. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் பின்புறக் கிணற்று நீரில் பருப்பைப் போட்டால், ஒரு கட்டு விறகு எரிந்த பிறகும் அது பருப்பாகவே கிடக்கும். சவர்க்காரம் போட்டால் நுரை வராது. மேலே பாறையடியில் ஓர் ஊற்று இருந்தது. அதில் பருப்பு பூவாக மலரும். அதனால் பிற்பாடு பங்களாச் சமையலுக்கு வந்தபோதும் நான் மேட்டில் ஏறி ஊற்று நீரையே சுமந்து வந்தேன்.

எனக்குக் குசினியில், அதாவது பங்களாச் சமையலறையில், வேலை கிடைத்தது பெரிய காரியம். என் மூத்த பிள்ளையை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையில் புல் வெட்டப் போன நாட்களில் அதற்குக் காய்ச்சல் வந்தது. எனக்குத் தகவல் வந்தபோது பிள்ளை இல்லை. இரண்டாவது பிறந்ததும் குசினி வேலை அமைந்தது. குசினிக்குப் பின்னால் பழைய சேலையில் ஏணை கட்டிப் போட்டிருந்தேன். அடுப்பைப் பார்க்கும் அதே பார்வையில் பிள்ளையையும் பார்ப்பேன்.

அந்த நேரத்தில் துரைக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சும் ஆசை வந்தது. மால்ட் என்று தேன்போல ஒரு பாகு கண்டிக் கடையிலிருந்து டின்னில் வந்தது. ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த கசப்புப் பூ பொட்டலமாக வந்தது. அவர் விரும்பியது கறுப்புப் பியர். அதற்குப் பார்லியைக் காப்பிக்கொட்டைபோலக் கருக வறுத்து ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். வறுப்பது என் வேலை. காய்ச்சுவது சமையல்காரர் வேலை; அவரை எல்லோரும் கோக்கி என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் தடவை மகாவலி ஆற்று நீர் ஊற்றினார்கள். மழைக்காலம், பீப்பாய் முழுக்கச் சேற்று வாடை. டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். துரை வாசித்துக் காட்டினார். நல்ல தண்ணீர் ஊற்றவும் என்று இருந்ததாம். எது நல்ல தண்ணீர் என்று எழுத அந்த டின்காரனுக்குத் தெரியவில்லை.

"தண்ணி எடுக்கிறவ இவதாங்க தொரைங்க. இவளயே கேளுங்க" என்று கோக்கி என்னைக் காட்டிவிட்டார். தம் அக்காள் மகளை அந்தக் குசினியில் வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் யோசனை.

நான் யோசிக்கவே இல்லை. "ஊத்துத் தண்ணிதாங்க. அதுலதான் பருப்பு வேகுது" என்றேன்.

பதினைந்து நாள் கழித்துப் போத்தலைத் திறந்தார்கள். துரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தோட்டத்தில் துப்பினார். சேற்று வாடை இல்லை. ஆனால் சுள்ளென்று நாக்கை இழுத்தது.

"நத்தாருக்கு நாலு தொரை வாறாங்க" என்றார், கிறிஸ்மஸ் பண்டிகையைச் சொல்லி. அவர் பேசும் தமிழ் தோட்டத்தில் படித்த தமிழ். "இன்னும் ஒரு வாட்டி. அதுவும் கெட்டா நீ மலைக்குப் போ. கோக்கி வேற ஆள் வச்சிக்கும்."

கோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பது முதுகிலேயே தெரிந்தது.

அன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, துரை வைத்துவிட்டுப் போன கிளாசை எடுத்து நானும் குடித்துப் பார்த்தேன். பிறகு வாய்க் கசப்புப் போகட்டும் என்று வெற்றிலை மடித்தேன். டப்பாவில் சுண்ணாம்பு தீர்ந்திருந்தது. வெறும் வெற்றிலையையும் பாக்கையும் மென்றேன். அதே மாதிரி நாக்கு இழுத்தது. அதே மாதிரி கன்னம் ஒட்டியது. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். துளி சுண்ணாம்பு இருந்தால் இந்தத் துவர்ப்பு அடங்கும். இது வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரியும். கருக வறுத்த பார்லிக்கு மட்டும் வேறு நியாயமா?

எழுந்து போய், பாத்திரம் கழுவக் கிணற்று நீர் கொதிக்கும் பெரிய கேத்தலின் மூடியைத் திறந்தேன். உள்ளே சுண்ணாம்புபோல வெள்ளைப் பொருக்கு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. இத்தனை காலம் அதைச் சுரண்டிச் சுரண்டி எறிந்தவள் நான்தான். பருப்புக்கு ஆகாத தண்ணீர் எதற்குமே ஆகாது என்று நினைத்தது என் தப்பு.

மறுநாள் கிணற்று நீரைக் குடத்தில் கொண்டுவந்து பீப்பாய் அருகே வைத்தேன்.

"ஏ புள்ள, பைத்தியமா ஒனக்கு? பருப்பே வேகாத தண்ணி" என்றார் கோக்கி.

"பருப்புக்கு ஆகாது கோக்கியண்ணே. நம்ம காய்ச்சப் போறது சாம்பாரா?"

"நல்லது. நானே தொரைகிட்ட சொல்லிர்றேன், இவ வேணும்னே கெடுக்கிறான்னு."

"சொல்லுங்க. நானும் வாறேன்."

போவதற்கு முன் வறுத்த பார்லியை ஒரே அளவாக இரண்டு கோப்பையில் போட்டு, ஒன்றில் ஊற்று நீரும் மற்றதில் கிணற்று நீரும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஆறியதும் துரையின் மேசையில் வைத்தேன்.

"இது ஊத்துத் தண்ணிங்க. இது கெணறுங்க. குடிச்சிப் பாருங்க."

முதல் கோப்பைக்குத் துரை கண்ணைச் சுருக்கினார். இரண்டாவதை வாயில் வைத்தார், நின்றார், இன்னொரு வாய் குடித்தார். கருகல் மணம் அப்படியே இருந்தது. சுள்ளென்று இழுப்பது மட்டும் போயிருந்தது. கோக்கியிடமும் நீட்டினார். அவர் இரண்டையும் குடித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். துரை அவரைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

கிணற்று நீரிலேயே காய்ச்சினோம். போத்தலில் பியர் ஊறிய நாட்களில் நான் பயந்தேனா என்று பிற்பாடு என் மகள் கேட்டாள். தண்ணீரைப் பற்றிப் பயம் இல்லை. போத்தல் சரியாகக் கழுவப்படாமல் கெட்டுவிடுமோ என்றுதான் பயம். அதனால் நானே எல்லாப் போத்தலையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொதிநீரில் கழுவினேன். கோக்கியைத் தொடவிடவில்லை.

நத்தார் அன்று நாலு துரைமாரும் குடித்தார்கள். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முதல் கிளாசை மெதுவாகக் குடித்து முடித்தார்கள். இரண்டாவது கிளாசுக்குப் போத்தல் கேட்டுக் கூப்பிட்டார்கள். பிறகு மூன்றாவதற்கும்.

"ஏதோ அமைஞ்சிருச்சு ஒனக்கு" என்றார் கோக்கி, தட்டில் போத்தல்களை அடுக்கிக்கொண்டே.

"அமையல அண்ணே. அமைச்சேன்."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் தப்பு அடித்தார்கள். ஆட்களை மலைக்குப் பிரிக்கும் சத்தம். கணக்கப்பிள்ளை பெயர் பெயராக வாசிப்பது குசினி வரைக்கும் கேட்டது. என் பெயர் வரவில்லை. பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது. ஏணையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடுப்பை மூட்டினேன்.