தோட்டத்துக்குக் கையுறை வந்த வருடம்

என் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டதில்லை. பின்னத் தெரியாதவர் அல்ல. விரல் நகங்கள் எல்லாம் வெடித்துப் பிளந்திருந்தன. சீப்பைவிட அவர் நகங்களில்தான் என் முடி அதிகம் சிக்கும். நான் கத்துவேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் அனுப்பிவிடுவார்.

மலேசியாவில் லிங்கிப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு, மரத்தடியில் முளைக்கும் களைகளுக்கு விஷம் தெளிக்க வேண்டும். தோட்டத்தில் அதற்கு 'மருந்து' என்றே பெயர். புல்லைக் கருக்குகிற ஒன்றுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று நான் யோசித்ததில்லை. வீட்டில் இருமல் மருந்து இருந்தது, காட்டில் புல் மருந்து இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா பழக்குலை வெட்டுபவர். தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைக்கு அவர்தான் செயலாளர். எதையும் கேட்டு, பேசி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அம்மாவின் தம்பியான என் மாமா சிரம்பானில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். கிடைத்ததையெல்லாம் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த கோழிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, முதலாளித்துவம் மொத்தமாக ஒழிய வேண்டும் என்பார். அப்பா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்வார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எதற்குக் கத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

மருந்தடிக்கும் பெண்களுக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும் என்று அப்பா வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புது மேனேஜர் ஒருவர் வந்த பிறகு அது நடந்தது. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் பார்த்து வேலை பிரிக்கும் இடத்தில், மேசை போட்டு அடுக்கி வைத்தார்கள். முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் கையுறை, மூக்கை மூடும் முகமூடி, நீள பிளாஸ்டிக் அங்கி, பூட்ஸ். அப்பா பூசைக்குப் போகும் சட்டையில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். மேனேஜர் எல்லாப் பெண்களுக்கும் தன் கையாலேயே கொடுத்தார். அம்மாவுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே அம்மா காட்டில் மயங்கி விழுந்தார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார். அங்கிக்குள் உடம்பு வெந்திருந்தது. உடுப்பு கூடியதே தவிர, ஒரு நாளைக்கு அடித்து முடிக்க வேண்டிய காட்டின் அளவு குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா பாயில் படுத்திருந்தார்.

"என்ன மச்சான், வெசத்துக்கு ஒற மாட்டிட்டா போதுமா? நல்லாப் பாத்துக்கறோம்னு காட்டிக்கிட்டு இன்னும் பத்து வருசம் அதையே அடிக்கச் சொல்வானுங்க. இது ரிப்பேர் பண்ற சாமானே இல்ல லா."

"நீ ஏர்கோன்ல நின்னுக்கிட்டுப் பேசுவ மாப்ள. இங்க நாளைக்குக் காலைல பெரட்டுக்குப் போவணும். கையொறை இல்லாமப் போறதுக்கு, கையொறையோட போறது மேலா இல்லியா?"

"மேலுதான். அதச் சொல்லித்தான ஒங்கள அடக்கி வச்சிருக்கானுங்க."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "உடுப்பு குடுன்னு கேட்டோம். காட்டக் கொறைன்னு கேக்கல. அத இனிமேதான் கேக்கணும்" என்றார்.

எங்கள் தமிழ்ப்பள்ளி தோட்டத்து ஆபீசுக்கு எதிரில் இருந்தது. அதனால் அடுத்து நடந்ததை நானே பார்த்தேன். நல்ல மத்தியான வெயில். மருந்தடிக்கும் பெண்கள் எல்லாரும் அங்கி, பூட்ஸ், முகமூடியோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. நடையை வைத்துத்தான் அம்மாவைக் கண்டுபிடித்தேன். மேனேஜர் வெளியே வந்தார். அம்மா தன் உடுப்பைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒருக்கா போட்டுப் பாருங்க சார்."

பின்னால் நின்ற, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி பதறிப்போனார். ஆனால் மேனேஜர் வாங்கி மாட்டிக்கொண்டார். அங்கி அவருக்கு முழங்கால் வரைக்கும்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, சட்டை நனைய நின்றார். பிறகு, இனிமேல் வெயில் ஏறுவதற்குள் மருந்தடிப்பை நிறுத்திவிடலாம், அதற்கேற்றபடி காட்டையும் குறைக்கிறேன் என்றார். சொன்னபடி செய்தார். அவர் நல்ல மனிதர். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

அப்பா அன்று மாமாவுக்கு ஆபீஸ் போனிலிருந்து பேசி வெற்றியைச் சொன்னார். சில மாதங்களில் அம்மாவின் நகங்கள் ஒழுங்காக வளர்ந்தன. ஒருநாள் காலையில் என் தலையை அவரே பின்னிவிட்டார். பின்னல் கோணல். அதை அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே படுத்துத் தூங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த லாரி வந்தது. மருந்தடிப்பை ஒரு கன்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இந்தோனேசியாவிலிருந்து வந்த பெண்கள் லாரியிலிருந்து இறங்கி, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பழைய கொட்டகையில் தங்கினார்கள். அம்மாவையும் மற்றவர்களையும் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். மேலிடத்து முடிவு, தன் கையில் இல்லை என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் யாருக்கும் வருத்தமில்லை. இனி அம்மா மருந்தைத் தொடவே வேண்டாம் என்பதால் நான் குதித்தேன்.

ஒரு மாலை நானும் அம்மாவும் பொதுக்குழாய்க்குப் போனபோது, அந்தப் பெண்களில் ஒருத்தி பம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெறுங்கை. மூக்கில் ஒரு சால்வைதான் சுற்றியிருந்தாள். பிள்ளைத்தாச்சி வயிறு தெரிந்தது. அம்மா என்னை மலாயில் கேட்கச் சொன்னார். நான் பள்ளியில் படித்த மலாயை வைத்துக் கேட்டேன். கையுறை எங்கே?

"தாக் அடா" என்றாள். இல்லையாம். கன்ட்ராக்டர் கொடுக்கவில்லை. தோட்டத்தில் கொடுத்தது தோட்டத்து ஆட்களுக்கு மட்டும். எங்கள் அம்மாக்கள் போட்டவை ஸ்டோரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தபோது அம்மா அவளைப் பற்றிச் சொன்னார். அப்பா சங்கடத்தோடு சொன்னார்: "அவங்க கன்ட்ராக்ட் ஆளுங்க. சங்கத்துல இல்ல. நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போய் பேசறது?"

மாமா உற்சாகமாக நிமிர்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல? ஒரு எடத்துல அடச்சா இன்னொரு எடத்துல ஒழுவும்."

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார். "நீ சொன்னது சரிதான்டா. எல்லாம் மொத்தமா மாறட்டும், நானும் வரேன். அது வரைக்கும் அவ வயித்துல இருக்கறது காத்திருக்குமா?" பிறகு அப்பாவைப் பார்த்தார். "நீங்க வாங்கிக் குடுத்ததும் நல்லதுதாங்க. ஆனா எங்க முதுகுலேருந்து எறங்குனது எங்க போயி ஏறிச்சின்னு நாம யாரும் பாக்கல."

இரண்டு ஆண்களும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பெரட்டில் பெண்கள் பழம் பொறுக்கும் சாக்கை எடுக்கவில்லை. கர்ப்பமான பெண் மருந்தடிக்கக் கூடாது என்றார்கள். உங்களுக்கு என்ன வந்தது, உங்கள் ஆளா அவள் என்று கிராணி கேட்டார். வேலை போய்விடும் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா பயந்து சாக்கில் கைவைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து மறுபடி போட்டுவிட்டாராம். அப்பாவும் குலை வெட்டும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு போய் நின்றார். சங்கம் பேச இதில் இடமில்லை என்றவர், அன்று எந்த இடத்தில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறிய பிறகு மேனேஜர் வந்து, அந்தப் பெண்ணை நாற்றுப் பண்ணைக்கு மாற்றச் சம்மதித்தார். நிழலில் உட்கார்ந்து கன்றுகளுக்கு மண் நிரப்பும் வேலை. மற்றவர்களுக்குக் கையுறை கொடுக்கும்படி கன்ட்ராக்டரிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அன்று வீட்டில் மீன் பொரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் பள்ளி விட்டு வரும்போது கொட்டகை வாசலில் புதிதாக ஒரு பெண் நின்றாள். என் பெரிய அக்கா என்று சொல்லக்கூடிய வயது. அந்தக் கர்ப்பிணியின் பம்பு அவள் முதுகில் இருந்தது. வாரை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, ஒரு வேடிக்கை போல அம்மாவிடம் சொன்னேன்.

"அவ பேரு என்னான்னு கேட்டியா?"

"இல்லம்மா."

"போய் கேட்டுக்கிட்டு வா."

எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, மீன்கூடப் பொரித்துச் சாப்பிட்டாகிவிட்டது, இன்னும் எதற்கு ஒரு பெயர் என்று முனகிக்கொண்டே ஓடினேன். சுமியாத்தி என்றாள். வந்து சொன்னேன். அம்மா அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிலிப்பரை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கதவைத் தட்டப் போனார்.