வெந்நீர் கேட்கும் கமலம்மா

கமலம்மா ஒரு குழந்தையைப் பார்க்கப் போனால் முதலில் வெந்நீர் கேட்பாள். நகரி தாய்சேய் நிலையத்தில் அவளுக்கு வேலை, கக்குவான் இருமல் ஊசி போட்ட குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. காய்ச்சல் அடித்ததா, விடாமல் அழுததா, கைகால் வெட்டி இழுப்பு வந்ததா என்று விசாரித்து டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் சித்தூர் ஜில்லா ஆபீசுக்கு எழுதுவார்.

காய்ச்சலைச் சொல்லிவிடுவார்கள். இழுப்பைச் சொல்ல மாட்டார்கள். அது வருவதே அபூர்வம். வந்தாலும் விரலி மஞ்சளைச் சுட்டு வயிற்றில் ஒரு சூடு வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். பெண் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் கமலம்மா கேட்பதை விட்டுவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். துணியை அவிழ்த்தால் உடம்பு சொல்லிவிடும்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த தாட்சாயணியின் பெண் குழந்தையையும் அப்படித்தான் குளிப்பாட்டினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் புதுச்சூடு.

"எங்க மாமியார் காதுக்குப் போனா இழுப்புக்காரப் பொண்ணுன்னு பேராயிடும். சொல்லிடாதக்கா" என்று தாட்சாயணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேர் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னாள். "அது மூணு மருந்து கலந்த ஊசி. அடுத்த தடவை அதுல கக்குவான் மருந்து சேரக் கூடாது. ஊசி போடுறவங்ககிட்ட அவங்களே முன்னாடி சொல்லியாகணும்" என்றார் அவர்.

கமலம்மா திரும்பிப் போவதற்குள் மாமியார் ரத்தினம்மா வந்து மருமகளையும் பேத்தியையும் கூட்டிப் போய்விட்டிருந்தாள். அவர்கள் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரித்ததில் அது மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. அங்கே வேறு நர்ஸ், வேறு ஆஸ்பத்திரி. அடுத்த ஊசியும் நெருங்கிவிட்டது. தாட்சாயணி வாயைத் திறக்க மாட்டாள் என்று கமலம்மாவுக்குத் தெரியும். பஸ் ஏறினாள்.

"உங்க ராஜ்யத்துல கொயந்தைங்களே இல்லியா, இங்க வந்துகீற?" என்று சிரித்தபடி ரத்தினம்மா வெந்நீர் கொண்டு வந்தாள். தாட்சாயணி கதவோரம் வெளிறிப்போய் நின்றாள். கமலம்மா குழந்தையின் சட்டையைக் கழற்றி, உள்ளங்கையால் அதன் வயிற்றை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள்.

"கைய எடு கமலம்மா. வந்த அன்னிக்கே பாத்துட்டேன். இந்தக் கொயந்தையோட நைனா, எம் புள்ள, அவன் வயித்துலயும் இதே மாதிரி ஒண்ணு கீது, நான் வெச்சதுதான். இவதான் என் எதிர்ல கொயந்த சட்டையே கயட்டாம சுத்திக்கினு கீறா."

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?" என்றாள் தாட்சாயணி.

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அதற்கப்புறம் கமலம்மா வந்த காரியத்தைச் சொன்னாள். ரத்தினம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த மருந்து இல்லன்னா இதுக்குக் கக்குவான் வராதா?" என்றாள்.

கமலம்மாவின் ஒரே மகள் கக்குவானில்தான் போனாள். இருமி இருமி நீலம் பாய்ந்த அந்த முகத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. குழந்தையின் நெற்றியில் கையால் அணைகட்டித் தலைக்கு ஊற்றி முடித்தாள்.

"சுத்தி இருக்கற பிள்ளைங்க எல்லாம் ஊசி போட்டு, அதுங்களுக்கு வரலன்னா, இதுக்கு யார் குடுப்பாங்க?" என்றாள்.

ஊசி போடும் நாளில் ரத்தினம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினாள்.

"உன் பேத்திக்கு ஆவாதாம், எங்க கொயந்தைக்கு மட்டும் போடணுமா?" என்றாள் எதிர்வீட்டுப் பச்சையம்மாள்.

"இதுக்கு ஆவாதுடி. ஆவறவங்க போட்டுக்கினாத்தான் இது பொயைக்கும். ஒண்ணுன்னா என் ஊட்டு வாசல்ல வந்து கத்து."

பச்சையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிலர் வந்தார்கள், சிலர் கதவைத் திறக்கவில்லை. நர்ஸிடம் பேத்தியின் இழுப்பை ரத்தினம்மாவே உரக்கச் சொன்னாள். தாட்சாயணி தலைகுனியவில்லை.

இரண்டு நாள் கழித்து, தனக்கு வேலையில்லாத அந்த ஊருக்குக் கமலம்மா மறுபடி பஸ் ஏறினாள். தெருவில் நுழையும்போதே புகை தெரிந்தது. ஊசி போட்ட குழந்தைகள் இருந்த வீடுகளில் எல்லாம், கமலம்மா குளிப்பாட்டிப் பார்க்க வருவாள் என்று ரத்தினம்மா அண்டாவில் வெந்நீர் வைக்கச் சொல்லியிருந்தாள்.