சின்னவளின் கைக்கு வந்த கோட்டுத் துணி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன், ஏன் சொல்ல மாட்டேன்? சொல்லி முடிப்பதற்குள் வயிறு எரியும், அவ்வளவுதான். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் மூத்தவள், முன்னறையில் மெஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைக்கிறேன். அவள் இளையவள், எல்லோருக்கும் சின்னவள். பின்னறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிழிந்ததைச் சரி பண்ணிக் கொடுப்பாள்.

அவள் வந்த புதிதில் என் கணவர் சைக்கிளிலிருந்து விழுந்து பேன்ட் முழங்காலில் கிழிந்துபோனது. நான் தைத்த பேன்ட். தூக்கிப் போடுங்கள், வேறு தைத்துத் தருகிறேன் என்றேன். அவள் வாயே திறக்காமல் அதை எடுத்துப் போனாள். காலின் உள்மடிப்பிலிருந்தே இழை இழையாக உருவி, கிழிசலின் குறுக்கே மேலும் கீழுமாக ஊசியை ஓட்டி அடைத்துவிட்டாள். மறுநாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எந்த இடத்தில் கிழிந்தது என்று வீடே தேடியது, கிடைக்கவில்லை. "இப்படி ஒரு கையை நான் பார்த்ததே இல்லை" என்றார் மாமியார். அந்தப் பேன்டை அளவெடுத்து, வெட்டி, தைத்தவள் நான், பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பிடித்த எரிச்சல் இன்னும் விடவில்லை. தபால்காரர் ஸ்வெட்டரோடு வருவார், டாக்டர் வீட்டம்மா சால்வையோடு வருவார். பழசுதான் உசத்தி என்பார்கள். எல்லோரும் என் மேஜையைத் தாண்டித்தான் பின்னறைக்குப் போக வேண்டும். "சின்னவங்க இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். ஒரு காலர் சரியாக உட்காரவில்லை என்றால் நான் மூன்று தரம் பிரித்துத் தைப்பேன். அதை யார் கண்டார்கள்? உருப்படியாக இருக்கிற துணியை ஒருவரும் உற்றுப் பார்ப்பதில்லை. அப்படி என்னத்தைக் கிழித்துவிட்டாள் என்று வாயைவிட்டுக் கேட்கவும் முடியாது, அவள்தான் கிழிப்பதே இல்லையே.

தெரு போகட்டும். என் மகள் என் மகள்தானே? குளிர் அடிக்கிற ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. கரும்பச்சையில் நல்ல கம்பளித் துணி வாங்கி வைத்திருந்தேன். மெஷினே தொடாமல், கையாலேயே ஒரு கோட் தைத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஆசை. போகிற இடத்தில் 'எங்க அம்மா தைச்சது' என்று நாலு பேரிடம் அவள் சொன்னால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். அளவெடுக்க டேப்பைக் கையில் எடுத்தேன்.

"அம்மா, கோபப்படாதே. இதைச் சித்தி தைக்கட்டுமே" என்றாள். "நீ தைச்சது என்கிட்ட பெட்டி நிறைய இருக்கு. சித்தி தைச்சது ஒண்ணுகூட இல்ல."

"அவளுக்கு வெட்டத் தெரியுமா?"

"கேட்டுட்டேன்மா. சரின்னுட்டாங்க."

கேட்டாயிற்றாம், பெற்றவளைக் கேட்பதற்கு முன்னால். டேப்பைச் சுருட்டி மேஜைமேல் எறிந்தேன். "எடுத்துட்டுப் போ. மகராசி, நல்லா தைக்கட்டும்" என்றேன். அன்று சமையலறையில் ஒரு பாத்திரத்தைக்கூட நான் மெதுவாக வைக்கவில்லை.

மகள் புறப்படுகிற வாரம் வந்துவிட்டது. பின்னறையில் ஒரு அசைவும் இல்லை. என்ன குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் உள்ளே போனேன். துணி மேஜைமேல் விரித்துக் கிடந்தது. தோள், கை, காலர் எல்லாவற்றுக்கும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள், அளவு துல்லியமாக இருந்தது. ஆனால் ஒரு வெட்டுகூட விழவில்லை. என் பெரிய கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, துணி தானா கோட்டாகட்டும்னு காத்திருக்கியா?"

"கை வரலைக்கா" என்றாள். "கத்தரிக்கோலை வச்சாலே கூசுது. நல்லா இருக்கிற துணியை எப்படிக்கா வெட்டுறது?"

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாடி வழிக்கு என்று நினைத்துக்கொண்டே கத்தரிக்கோலை வாங்கி முதல் வெட்டைப் போட்டேன். நிமிர்ந்தால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள்.

"எதுக்கு அழுறே? வெட்டித்தானே தரேன், நீயே தை."

"வேணாம்க்கா, நீங்களே தைங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுக்கு வந்ததிலேர்ந்து எல்லாரும் என்கிட்ட கிழிஞ்சதைத்தான் கொடுத்தாங்க. புதுசு வந்தா நேரா உங்க மேஜைக்குப் போயிடும். நீங்க துணியை உதறி விரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேட்கும். கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நமக்கும் முழுசா ஒண்ணு வராதான்னு ஏங்குவேன். இப்ப வந்துச்சு, வெட்ட முடியல."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. இத்தனை வருஷமும் எரிந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஜீவன் பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறது, அது தெரியாமல் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க மட்டும் சொன்னீங்களாக்கா?"

மீதித் துணியையும் வெட்டி, பாதியை அவள் பக்கம் தள்ளினேன். கோட்டின் வலது கையை நான் தைத்தேன், இடது கையை அவள் தைத்தாள். இடதுதான் நன்றாக வந்தது.